மகளிடம் வாங்கின கடன்

2022 நவம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது என் மூத்த மகளுக்குக் கணிதத்தில் எஸ், விஞ்ஞானத்தில் டபிள்யூ. அடம்பனில் யார் கேட்டாலும் கொரோனா, ஆசிரியர் போராட்டம், மின்வெட்டு என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றும் உண்மைதான். நாலாவதாக நானும் இருந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நான் ஒரு அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். திறந்த பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி மூலம் சட்டம் படிக்கப் பதிந்திருந்தேன். 1980இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம், வேலையும் குடும்பமுமாக அல்லாடுகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் பெரிய வாசல். யாழ்ப்பாண நிலையத்துக்குப் பூநகரி வீதியால் பஸ்ஸில் போய்வந்த வகுப்புகள் 2020இல் ஜூமுக்கு மாறின. ஊரே பயந்து கிடந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்: பஸ் காசு மிச்சம், ஞாயிறு வீட்டில்.

வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். என் கணவர் கட்டுக்கரைக்குளத் தண்ணீரில் வயல் செய்கிறவர்; அவரிடம் இருந்தது பட்டன் போன். பள்ளிக்கூடங்கள் பூட்டியதும் மகளின் பாடங்களும் அதே போனுக்குள் வந்துவிட்டன. செயலட்டை, குரல்பதிவு, படம் எல்லாம் வாட்ஸ்அப் குழுமத்தில். பல்கலைக்கழக வகுப்புகளுக்கு அப்போது லேர்ன் வலையமைப்பு மூலம் டேட்டா கட்டணமில்லை. பள்ளிப் பிள்ளையின் வாட்ஸ்அப்புக்குக் காசு போடவேண்டும். "அம்மான்ர வகுப்பு சும்மா வருது, உன்ரதுக்குத்தான் காசு" என்று அவளிடமே கணக்குக் காட்டினேன்.

இன்னொரு போன் வாங்கியிருக்கலாம். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், அந்தக் காலபோகம் விளைச்சல் விழுந்தது, கையில் காசில்லை என்று அதற்கும் நியாயம் வைத்திருந்தேன். ஆனால் அதே வருஷம் என் பாடக் கட்டணத்தை ஒரு சதம் குறையாமல் கட்டினேன். அந்தக் காசுக்குப் பழைய போன் ஒன்று வந்திருக்கும்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று யோசித்தால் 1999இல் போய் நிற்கிறேன். நான் உயர்தரம் எழுத இருந்த அந்த வருஷம்தான் ராணுவத்தின் ரணகோஷ நடவடிக்கை மன்னார்ப் பெருநிலப்பரப்புக்குள் வந்தது. இடம்பெயர்ந்து, மரத்தடியில் இருந்து படித்து, எழுதிச் சித்தியும் அடைந்தேன், வெட்டுப்புள்ளிக்குப் போதவில்லை. 2008இல் அடம்பனை ராணுவம் பிடித்தபோது திரும்பவும் ஓட்டம். மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வன்னி முழுக்க அலைந்து, கடைசியில் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தோம். இழந்த படிப்புக்கு யாரோ எனக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் அப்போதே ஊறிவிட்டது. அரசும் தரவில்லை, இயக்கமும் தரவில்லை. கைக்கெட்டின தூரத்தில் இருந்தவள் மகள், அவளிடம் வசூலித்தேன்.

அதிலும் வெட்கம் கெட்ட பகுதி ஒன்று உண்டு. போனை வாங்கிக்கொண்டு நான் படித்தேன் என்றாவது சொல்ல ஆசை. அலுவலகம், சமையல், சின்னவனின் காய்ச்சல் என்று களைத்துப்போய் உட்கார்ந்தால் விரிவுரை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். கமராவை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஜூமில் என் பெயர் வகுப்பிலிருக்கும், நான் நித்திரை. அறைக்குள் அம்மா படிக்கிறா என்று மகள் வெளியில் சின்னவனைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் வகுப்பாசிரியர் எடுத்தார். "உங்கட மகள் குழுமத்தில ஒண்டும் அனுப்பிறதில்லையே, அம்மா?" என்றார். "இங்க கவரேஜ் இல்ல ரீச்சர், வாய்க்கால் கட்டுக்குப் போனாத்தான் எடுக்கும்" என்று கூசாமல் சொன்னேன். மழை நாளில் கவரேஜ் போவது மெய். அன்று வெயில் எறித்தது. மகள் பக்கத்தில் நின்று கேட்டாள். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிப் போனை யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் போராட்டம் நியாயம் என்று அலுவலகத்தில் உரத்துப் பேசினேன். நியாயம்தான், ஆனால் நான் பேசினது அதற்காக மட்டுமில்லை.

இத்தனைக்கும் கட்டாயக் கல்வி வயதை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தினது எனக்குப் பாடம். பிள்ளையின் பராமரிப்புக்குப் பெற்றோர் எவ்வளவு கடமைப்பட்டவர்கள் என்று, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தை வைத்து ஒப்படையும் எழுதினேன். நல்ல புள்ளி வந்தது.

2021ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதம்தான் நடந்தது. அதற்கு முன் மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்போதும் போனில் இருந்த சார்ஜ் என் வகுப்புக்கென்று ஒதுக்கினதுதான். குழுமத்தில் வந்த மாதிரி வினாத்தாள்களை அவள் கூட்டாளி வீட்டில் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள்.

நான் பட்டம் முடித்துவிட்டேன். உயிரியல் படிக்க விரும்பினவள் உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குப் போனாள். அண்மையில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் படிச்சிருந்தா எனக்குக் கோவமே வந்திராது அம்மா. நித்திரையெல்லோ கொண்டனீங்கள்" என்றாள்.

வேலையும் பிள்ளைகளுமாக இருந்துகொண்டு இணையத்தில் படிக்கப் பதிகிறவர்கள் பதியுங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் ஒரு போன்தான் என்றால், உங்கள் நேரசூசியை எழுத முன்னம் பிள்ளையின் நேரசூசியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மிஞ்சின நேரம் உங்களுடையது.