பூங்காவில் ஒரு பகல் சாப்பாடு

எங்கள் வகுப்பில் யாராவது கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்தால் மறுநாள் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். எதில் ஏறினாய், பயந்தாயா, சத்தி எடுத்தாயா, எத்தனை படம் எடுத்தாய் என்று கேள்விகள் வரும். என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் எவளும் கேட்கமாட்டாள். என்னிடமும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு இன்றும் துலக்கமாக நினைவிருப்பது பகல் சாப்பாடுதான். யாரும் கேட்காததை நானாகவே இங்கே எழுதுகிறேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் கூட்டிப் போவதாக வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வாப்பா, உம்மா, மூத்தம்மா, நான், தம்பிமார் இருவர் என ஆறு பேர். வேன் பிடித்து இஷாவுக்குப் பிறகு ஊரிலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு. கிழக்கிலிருந்து மேற்குக் கரைப் பக்கம் போவதென்றால் இரவு முழுக்க ஓட வேண்டும். அன்று அஸருக்கே உம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். நெய்ச்சோறு, கோழிப் பொரியல், இறைச்சி ஆணம், மாசிச் சம்பல். வாழையிலையை நெருப்பில் வாட்டி பத்துப் பார்சல் கட்டினார். ஆறு பேருக்கு ஏன் பத்து என்று கேட்டேன். "டிரைவர் இல்லையா? வழியில பசிச்சா? ஆரும் வந்தா?" என்றார். உம்மாவின் கணக்கில் எப்போதும் ஆரோ ஒருவர் வரவிருப்பார்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பார்சல்களைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் பூங்காவின் உணவகத்தில் கண்ணாடிக் கிளாஸில் ஜூஸ் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். நாங்கள் பாய் விரித்து வாழையிலையைப் பிரிக்கப் போகிறோம். படத்தில் ஆணக்கறை தெரியும்.

ஆனால் பாய் விரிக்கத் தேவை வரவில்லை. வாயிலிலேயே வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்று அறிவிப்பு இருந்தது. மூத்தம்மாவின் சீனி வருத்தத்து மாத்திரைகளையும் தண்ணீர்ப் போத்தலையும் மட்டும் விட்டார்கள். பாதுகாப்பு உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் சொன்னார். பெரும்பாலான பூங்காக்களில் இதுதான் சட்டம் என்று வாப்பாவும் சொன்னார். உம்மா ஒன்றும் பேசவில்லை. பையைத் திரும்ப வேனுக்குள் வைத்து, வெயில் படாமல் அதன்மேல் ஒரு துவாயை விரித்தார். அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை இதுவரை உம்மாவிடம் சொன்னதில்லை.

பூங்கா என்பது உள்ளே வருபவர்களை அளந்து பிரிக்கிற இடம் என்பதை அன்றுதான் கண்டேன். பெரிய சறுக்கின் அடியில் ஓர் அளவுப் பலகை. சின்னத் தம்பி நுனிக்காலில் நின்றும் கோட்டைத் தொடவில்லை. நீச்சல் தடாகத்தில் இறங்க அதற்கென்று தைத்த உடை வேண்டும். என்னிடமும் உம்மாவிடமும் அது இல்லை. நான் இராட்டினத்திலும் மோதும் காரிலும் ஏறினேன். மூத்தம்மாவுக்கு முழங்கால் வலி. உம்மா ஒரு சீமெந்து வாங்கில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும், வாப்பாவின் கண்ணாடியையும், மூன்று பைகளையும் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய டிக்கட்டுக்கும் எங்களுடைய அதே விலைதான். தம்பிமார் தண்ணீரிலிருந்து கத்தும்போதெல்லாம் கையை ஆட்டுவார். நடுவில் ஒரு தடவை என்னிடம், "சோறு கெட்டுப் போயிருக்குமா மகள்?" என்று கேட்டார்.

பன்னிரண்டரைக்கு உணவகத்துக்குப் போனோம். தண்ணீரில் கிடந்தவனின் பசி தனிப் பசி. பெரிய தம்பியின் உதடு நீலம் பூத்து நடுங்கியது. அவன் வழியில் கண்ட எல்லாவற்றையும் சாப்பிடத் தயாராக இருந்தான். இதனால்தான் பூங்காவில் சாப்பிடும் எதுவும் ருசிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. என் தம்பிக்கு அன்று வெறும் பாணும் ருசித்திருக்கும். ஆனால் பசியே இல்லாமல் நாள் முழுக்க வாங்கில் இருந்தவர்களுக்கும் அந்தச் சாப்பாடு ருசித்ததே, அதற்குக் காரணம் வேறு.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஹலால் சான்றிதழ் சட்டகம் போட்டு மாட்டியிருந்தது. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திகதியைப் பார்த்தார், தலையாட்டினார். சின்ன விஷயம்தான். ஆனால் ஊரை விட்டு வெளியே போகும் எங்களுக்கு உணவகம் என்றாலே முதலில் ஒரு விசாரணை உண்டு. கோழி எங்கே வாங்கினது, ஒரே எண்ணெயிலா பொரிக்கிறது, அந்தக் கரண்டி வேறு எதற்கும் பாவித்ததா என்று பாதிச் சிங்களத்தில் கேட்க வேண்டும். கேட்கப்படுகிறவரின் முகம் மாறுகிறதா என்று பார்க்கவும் வேண்டும். வீட்டில் அந்தக் கேள்விகளைக் கேட்பது பெரும்பாலும் நான்தான், பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறேன் என்பதனால். அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அது ஒரு விடுமுறை.

உள்ளே வரிசை நீளமாக இருந்தது. ஆளுக்கு ஒரு பீங்கானை எடுத்துக்கொண்டு நகர வேண்டும். மூத்தம்மாவால் நிற்க முடியவில்லை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. சாப்பாடு பிந்தினால் அவருக்கு அப்படி வரும். வாப்பா பதறி அங்குமிங்கும் பார்ப்பதற்குள் கறுப்பு மேற்சட்டை போட்ட ஒரு வெயிட்டர் வந்தார். என் காக்காமார் வயதுதான் இருக்கும். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மூத்தம்மாவின் கையைப் பார்த்தார், உள்ளே போனார், ஒரு கிளாஸ் பப்பாளிப்பழ ஜூஸோடு வந்தார். பின்னாலேயே ஒரு சின்னப் பீங்கானில் சோறும் பருப்பும். சீனி வருத்தம் என்று நான் சிங்களத்தில் சொன்னபோது, தன் வீட்டிலும் ஆச்சிக்கு இப்படித்தான் என்றார்.

பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. உம்மா வழக்கம்போல எழுந்து, எங்கள் பீங்கான்களையெல்லாம் அடுக்கி எடுத்தார். தம்பிக்கு எலும்பில்லாத துண்டு, வாப்பாவுக்குக் காரம் குறைவு, எனக்குக் கத்தரிக்காய் வேண்டாம் என்று அவருடைய தலைக்குள் பட்டியல் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வெயிட்டர் உடைந்த தமிழில், "அம்மா இருங்க. நான் கொண்டுவாறது" என்றார். உம்மா பீங்கான்களை விடவில்லை. அவரும் விடவில்லை. இரண்டு பேரும் அடுக்கின் இரண்டு பக்கத்தைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்கள். வாப்பா, "இரி, அவர் கொண்டு வரட்டும்" என்றார்.

உம்மா உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மேசையில் வைத்தார், மடியில் வைத்தார், முந்தானையைச் சரிசெய்தார், உப்புப் போத்தலை நகர்த்தினார். சோறு வந்தது. ஆவி பறந்தது. எங்களோடு சேர்ந்து, சூட்டோடு, முதல் பிடியை உம்மா சாப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பதினாறு வயது. வீட்டில் நாங்கள் எழும்பிய பிறகு, சட்டியில் மிஞ்சியதோடுதான் உம்மா உட்காருவார். கலியாண வீட்டில் ஒரு சஹனில் ஆறு பேர் வட்டமாக இருந்து சாப்பிடும்போதும் உம்மா எந்த வட்டத்திலும் இருக்கமாட்டார். குசினிப் பக்கம் கரண்டியோடு நிற்பார். இதை நாங்கள் யாரும் அநியாயம் என்று நினைத்ததில்லை. நினைக்கவே இல்லை என்பதுதான் சரி.

சாப்பாடு எப்படி என்று வாப்பா கேட்டார். உம்மா மென்று, யோசித்து, "உப்புக் கொஞ்சம் கூட. கோழிய அவிச்சுட்டுப் பொரிச்சிருக்காங்க, அதான் சாரம் இல்ல" என்றார். பிறகு இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.

அவர் சொன்னது சரி. உம்மாவின் கோழிப் பொரியலுக்குப் பக்கத்தில் அது நிற்காது. ஆனாலும் அதை ஓர் அருமையான சாப்பாடு என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பூங்காவில் உயரம் பார்க்காமல், உடை பார்க்காமல், முழங்கால் பார்க்காமல் எங்கள் ஆறு பேரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டது அந்த மேசை ஒன்றுதான். தண்ணீரில் இறங்காதவர்களுக்கு உணவகம்தான் பூங்கா. பை காத்தவர் அங்கே விருந்தாளி.

இதை எழுத நினைத்தபோது உலகத்துப் பெரிய பூங்காக்களில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தேடி வாசித்தேன். ஜேர்மனியில் ரஸ்ட் என்ற ஊரிலுள்ள யூரோப்பா பார்க்கில், சாப்பாட்டுப் பாத்திரங்கள் கம்பித் தண்டவாளத்தில் சுழன்று வழுக்கி மேசைக்கு வந்து சேரும் உணவகம் ஒன்று இருக்கிறது. தம்பிமாருக்குச் சொன்னேன், துள்ளினார்கள். எனக்கு அவ்வளவு ஆசை வரவில்லை. தண்டவாளம் மூத்தம்மாவின் கையைப் பார்க்காது. கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் 1967இல் திறந்த 'புளூ பேயூ' உணவகத்தைப் பற்றி வாசித்தபோதுதான் போய்ப் பார்க்க ஆசை வந்தது. கடற்கொள்ளையர் படகுச் சவாரி நடக்கும் அதே கட்டடத்துக்குள் அது இருக்கிறது. அங்கே நடுப்பகலிலும் இரவுதான். விளக்கொளியில் சாப்பிடுகிறவர்களின் முன்னால் சவாரிப் படகுகள் மெல்லக் கடந்து போகும். படகில் ஏறாத உம்மாமார் அங்கே சோற்றை வைத்துக்கொண்டே சவாரியைப் பார்க்கலாம்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது கலிபோர்னியாவின் இன்னொரு பூங்கா. நொட்ஸ் பெரி ஃபார்ம் என்று பெயர். வோல்ட்டர் நொட் என்ற விவசாயி அங்கே பெரிப் பழங்கள் பயிரிட்டு வீதியோரத்தில் விற்றுவந்தார். உலகப் பொருளாதார மந்த காலம். 1934இல் அவருடைய மனைவி கோர்டீலியா பொரித்த கோழிச் சாப்பாடு சமைத்து விற்கத் தொடங்கினார். முதல் நாள் எட்டுப் பேருக்கு, ஒரு சாப்பாடு 65 சதம் வீதம். பரிமாறியது தன் கலியாணத்துக்குக் கிடைத்த பீங்கான்களில். கோழியின் பெயர் பரவி, சனம் மணிக்கணக்கில் காத்து நிற்கும் அளவுக்கு வரிசை நீண்டது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று வோல்ட்டர் 1940இல் ஒரு பழைய காலத்துக் கிராமத்தைப் போலக் கட்டத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து பூங்காவானது. இன்று அங்கே பெரிய பெரிய ரோலர் கோஸ்டர்கள் ஓடுகின்றன. அந்த அம்மாவின் கோழி உணவகமும் இன்னும் நடக்கிறது, டிக்கட் கேட்கும் வாயிலுக்கு வெளியே. (அந்தக் கோழி நமக்கு ஆகுமா என்பது வேறு கதை.)

வாயிலுக்கு வெளியே என்று வாசித்ததும் எனக்கு எங்கள் வேன்தான் ஞாபகம் வந்தது.

அன்று மாலை வெளியே வந்தபோது, டிரைவர் நாநா பக்கத்து வேன்களின் இரண்டு டிரைவர்மாரையும் சேர்த்துக்கொண்டு மரநிழலில் பார்சல் பிரித்திருந்தார். அவர்களில் ஒருவர் கண்டியாம், மற்றவர் குருநாகலாம். உம்மாவைக் கண்டதும் எழுந்து நின்று சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். நான் மொழிபெயர்க்க முன்பே உம்மாவுக்கு விளங்கிவிட்டது. மிஞ்சிய ஐந்து பார்சல்களும் வெயிலில் புளித்துப் போயிருந்தன. உம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து மணந்து பார்த்தார். கடைசிப் பார்சலைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனார். நான் தூக்குகிறேன் என்று கேட்டேன். தரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

கோர்டீலியாவின் கதையைப் போன வெள்ளிக்கிழமை உம்மாவிடம் சொன்னேன். ஆணத்தைக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"எட்டுப் பேருக்கு ஆக்கினதுக்கா பூங்கா கட்டினாங்க?"

"ஓம் உம்மா."

"நான் அண்டைக்குப் பத்துப் பார்சல் கட்டினேன்" என்று சிரித்தார். பிறகு, "கலியாணப் பீங்கானிலயா வெச்சாங்க? பாவம், எத்தன உடைஞ்சிச்சோ" என்றார். உம்மாவின் கலியாணப் பீங்கான்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கின்றன. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மட்டும் வெளியே வரும், அதுவும் வருகிறவர்களுக்கு.

வாப்பா ஜும்ஆவிலிருந்து வரும் சத்தம் கேட்டது. "போய்ப் பீங்கான எடுத்து வை மகள்" என்றார் உம்மா.

வழமையாக ஐந்து எடுப்பேன். அன்று ஆறு எடுத்தேன்.