ஏறும் மேசையும் இறங்கும் படியும்

மேலே செல்ல வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்கு இயல்பு. சிறு கடை வைத்திருப்பவன் பெருங்கடை வைக்க எண்ணுகின்றான். இரண்டு பரப்பில் புகையிலை நட்டவன் அடுத்த போகத்தில் ஐந்து பரப்பைக் குத்தகைக்கு எடுக்க நினைக்கின்றான். அவ்வெண்ணத்தைக் குறை கூறுவார் யார்? ஆயினும் ஏறுவதற்குரிய காலம் வந்துவிட்டதா என்று அறிவது எளிதன்று. இவ்வினாவை மிகத் தெளிவாக எழுப்பும் இடம் ஒன்றை நாம் சில ஆண்டுகளுக்கு முன் கண்டோம். அது சீட்டாட்ட மேசை.

சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகின்றோம் என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துக் கண்டித்துள்ளார். தருமர் நாட்டை வைத்து, தம்பியரை வைத்து, தம்மை வைத்து, ஈற்றில் பாஞ்சாலியையும் வைத்து இழந்த கதையை அறியாத வீடு தமிழர் மத்தியில் இல்லை. தருமர் ஒவ்வொரு முறையும் பந்தயத்தை உயர்த்தியது தோற்ற பின்னரே என்பதை மட்டும் இங்கு நினைவூட்ட விரும்புகின்றோம். தோற்றவன் உயர்த்துவது அறிவீனம் என்பதை யாவரும் ஒப்புவர். வென்றவன் உயர்த்தலாமா என்பதே நாம் ஆராயப் புகுந்த விடயம்.

2023ஆம் ஆண்டு கோடைகாலத்தில் ரொறன்ரோவில் எம் தமக்கையின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். கணக்காளர் நிலையமொன்றில் வேலை பார்க்கும் அவனுக்குக் குடியுமில்லை, புகையுமில்லை. வார இறுதியில் நகருக்கு வெளியேயுள்ள கசினோ ஒன்றில் நான்கு மணித்தியாலம் போக்கர் ஆடுவது ஒன்றே அவனது பொழுதுபோக்கு. ஒரு நாள் எம்மையும் அழைத்துச் சென்றான். நாம் பின்னால் நின்று பார்த்தோம்.

ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள்; நடுவே யாவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள். ஆடுவோர் ஒருவரிடமிருந்து ஒருவர் பணம் வெல்கின்றனரேயன்றி மண்டபத்தாருடன் ஆடுவதில்லை. மண்டபத்தார் ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறு பங்கை எடுத்துக்கொள்வர். ஆதலின் இவ்வாட்டத்தில் திறமைக்கு இடமுண்டு. ஆனால் அத்திறமை வெளிப்படுவதற்கு நெடுங்காலம் செல்லும்.

மருமகன் ஆடியது ‘ஒன்று-மூன்று’ எனப்படும் சிறிய மேசை. சீட்டுப் போடுமுன் இருவர் முறையே 1 டொலரும் 3 டொலரும் கட்டாயமாக வைக்க வேண்டும். அதற்கடுத்தது ‘இரண்டு-ஐந்து’ மேசை. அங்கு 500 டொலருடன் அமர்வது வழக்கம். அன்றிரவு வீடு திரும்பியதும் அவன் தன் குறிப்புப் புத்தகத்தை எம்முன் விரித்தான்.

“மாமா, ஆறு மாதமாய்க் கணக்கு எழுதி வைச்சிருக்கிறன். நூறு மணித்தியாலம் ஆடியிருக்கிறன். 1,500 டொலர் ஆதாயம். இனி மேல்மேசைக்குப் போகலாம்தானே?”

அதற்கு வேண்டிய முதலை எங்கிருந்து எடுப்பாய் என்று வினவினோம். வீடு வாங்குவதற்காக அவனும் மனைவியும் சேர்த்து வந்த பணத்திலிருந்து 5,000 டொலர் எடுக்க எண்ணுவதாகக் கூறினான். மனைவி ஒன்றும் பேசாது தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கையாற் சீட்டுப் போடும் மேசையில் மணிக்கு ஏறக்குறைய முப்பது ஆட்டங்களே நடைபெறும். மணிக்கு 15 டொலர் ஆதாயம் என்பது அச்சிறிய மேசையில் நல்ல ஆட்டக்காரனுக்குரிய வருமானமே. ஆனால் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கமோ ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 150 டொலர். மணித்தியாலம் நூறு மடங்கு பெருகும்போது இந்த ஏற்ற இறக்கம் பத்து மடங்கு பெருகி 1,500 டொலராகும். அதாவது ஆதாயமும் நட்டமுமற்ற சாதாரண ஆட்டக்காரர் அறுவர் நூறு மணித்தியாலம் ஆடினால், அவருள் ஒருவரின் புத்தகத்தில் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 1,500 டொலரோ அதற்கு மேலோ ஆதாயம் காணப்படும். எம் மருமகன் வல்லவனா, அந்த ஆறில் ஒருவனா என்று அப்புத்தகம் சொல்லவில்லை.

நானூறு மணித்தியாலம் ஆடினால் நிலைமை மாறும். அதே வீதத்தில் ஆதாயம் 6,000 டொலராகும். ஏற்ற இறக்கமோ 3,000 டொலரே. அத்தகைய ஆதாயம் அதிர்ஷ்டத்தால் மட்டும் கிட்டுவது ஏறக்குறைய நாற்பதில் ஒருவருக்கே.

இதை விளக்க எமக்கு யாழ்ப்பாணத்து முந்நூற்றுநாலு கைகொடுத்தது. முதலில் நான்கு சீட்டுகளைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கின்றோம். மற்ற நான்கும் பின்னரே கைக்கு வருகின்றன. வீரனும் ஒன்பதும் கையிலிருக்கும் துணிவில் கேள்வியை ஏற்றிவிட்டுப் பின்வந்த சீட்டுகளைக் கண்டு முகம் வாடியோரை நாம் அறிவோம். “தம்பி, உன்ரை நூறு மணித்தியாலம் முதல் நாலு சீட்டு” என்றோம். சிறு வயதில் எம்மிடம் அவ்வாட்டத்தைக் கற்றவனாதலின் சிரித்தான்.

அடுத்தது முதல். அமரும் தொகையைப் போல் இருபது மடங்கேனும் தனியே இல்லாதவன் ஒரு மேசையில் நிலைத்து ஆடலாகாது என்பது அனுபவசாலிகளின் பொதுவான விதி. இரண்டு-ஐந்து மேசைக்கு அது 10,000 டொலர். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன் கெலி என்பார் வெளியிட்ட கட்டுரையொன்று இதற்கு அடிப்படையான கருத்தைத் தந்தது. பந்தயத்தின் அளவு, ஆட்டக்காரனுக்குள்ள சாதகத்தையும் கையிலுள்ள முதலையும் பொறுத்திருக்க வேண்டும் என அவர் காட்டினார். சாதகமான ஆட்டத்திலுங்கூட அளவு மீறிப் பந்தயம் கட்டுவோன் காலப்போக்கில் அழிவான் என்பது அக்கணக்கின் முடிவு. வல்லவனும் கெடுவான் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

மூன்றாவது மனம். டெக்சாஸ் மாநில வங்கியாளர் அன்டி பீல் 2001 முதல் 2006 வரை இடையிடையே லாஸ் வேகாஸ் சென்று உலகின் தலைசிறந்த போக்கர் ஆட்டக்காரர்களுடன் தனித்து ஆடினார். அவர்களது திறமையைத் தாம் முழுதும் எட்ட முடியாது என்பதை அறிந்த அவர் பந்தயத்தை மிகப் பெரிதாக்கினார். தொகை உள்ளத்தை உறுத்தும்போது கையிலுள்ள திறமை நடுங்கும் என்பது அவர் கண்ட உபாயம். டொயில் பிரன்சன் போன்ற ஜாம்பவான்களும் தனித்தனியே அப்பந்தயத்தைத் தாங்க முடியாமல் பலர் பணத்தை ஒன்றாகத் திரட்டியே ஆடினர். 2006 பெப்ரவரியில் பில் ஐவி என்பவர் அக்கூட்டத்தின் சார்பில் மூன்று நாட்களில் ஒரு கோடியே அறுபது இலட்சம் டொலருக்கு மேல் பீலிடமிருந்து வென்றார். வெற்றியை யாவரும் பேசுவர். அத்தகையோருங்கூட முதலைப் பங்கிட்டுக்கொண்டே மேலேறினர் என்பதைப் பேசுவோர் குறைவு. வீட்டுக்குச் சேர்த்த பணத்தை மேசையில் வைப்பவன் சீட்டைப் பார்க்கமாட்டான்; வீட்டின் கதவையும் சன்னலையுமே பார்த்துக்கொண்டிருப்பான்.

மருமகன் மறுமொழி ஒன்று வைத்திருந்தான். மேல்மேசையில் மண்டபத்தார் எடுக்கும் பங்கு, ஆடப்படும் தொகையோடு ஒப்பிடும்போது குறைவு என்றான். அது மெய்யே. ஆனால் அங்கு அமர்வோரிற் பலர் அவனைப் போலவே கீழ்மேசையில் வென்று ஏறியவர்கள் என்பதையும் சேர்த்து நிறுக்க வேண்டுமல்லவா?

இவ்வளவையும் கேட்டிருந்த அவன் மனைவி அப்பொழுதுதான் வாய் திறந்தாள்.

“ஏறுறதுக்கு இவர் கணக்குக் காட்டுறார், மாமா. இறங்குறதுக்கு என்ன கணக்கு வைச்சிருக்கிறார்?”

நாம் கூறிய அனைத்திலும் இக்கேள்வி பெரிது. மேலே சென்றவன் கீழே வருவதற்கு நாணுகின்றான். பழைய மேசையார் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி, தகாத இடத்திலேயே இருந்து உள்ளதையும் இழக்கின்றான். கடையைப் பெருப்பித்துக் கடனில் மூழ்கிய வணிகர் பலர், பழைய சிறு கடைக்கு ஓராண்டு முன்னரே திரும்பியிருந்தால் தப்பியிருப்பர்.

அன்றிரவே இருவரும் அப்புத்தகத்தின் பின்பக்கத்தில் மூன்று விதிகளை எழுதிக் கையொப்பமிட்டனர். வீட்டுப் பணத்தைத் தொடுவதில்லை. நானூறு மணித்தியாலம் நிறையுமுன் ஏறுவதில்லை. நிறைந்தபின் ஆதாயத்திலிருந்து 1,500 டொலரை மட்டும் எடுத்து மேல்மேசையைப் பரீட்சித்துப் பார்ப்பது. அது முடிந்தால் அன்றே இறங்கிவிடுவது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானூறு மணித்தியாலம் நிறைந்தது. ஆதாயம் 4,200 டொலர். முன்னைய வீதத்திலும் குறைவு, ஆயினும் ஆதாயமே. விதிப்படி ஏறினான். நான்கு மாலைகளில் அந்த 1,500 டொலரும் போய்விட்டது. ஐந்தாவது வாரம் பழைய மேசையில் போய் அமர்ந்தான். பதினாறு மணித்தியாலத் தோல்வியைக் கொண்டு அவன் வல்லவனல்லன் என முடிவு செய்வதும், நூறு மணித்தியால வெற்றியைக் கொண்டு வல்லவன் என முடிவு செய்தது போன்ற பிழையே. ஆகவே அவனைத் தேற்றவுமில்லை, கண்டிக்கவுமில்லை.

வீட்டுச் சேமிப்பில் ஒரு சதமும் குறையவில்லை. புத்தகத்தில் மணித்தியாலங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. மீண்டும் ஒரு நாள் அவன் எம்மைக் கேட்பான், கேட்கட்டும். இளைஞன் மேலே பார்ப்பதை நாம் தடுக்கமாட்டோம். புத்தகத்தின் முன்பக்கத்தைக் காட்டுமுன் பின்பக்கத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்வோம்.