எறிந்த மேசை

எண்பதுகளில் மேற்கு ஜேர்மனிக்கு வந்த எம்மவரின் முதல் வீடுகளை நிரப்பியது 'ஸ்பேர்முல்'தான். ஜேர்மன்காரர் தமக்கு வேண்டாத கட்டில், மேசை, அலுமாரிகளை நகரசபை குறித்த நாளுக்கு முதல்நாள் பின்னேரம் தெருவோரம் வைத்துவிடுவார்கள். விடிய லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். இடைப்பட்ட அந்த இரவு எங்களுடையது. அகதி விண்ணப்பகாரருக்கு அப்போது வேலைத் தடை; 1987இல் அது ஐந்து ஆண்டுகளாக நீட்டப்பட்டது. கையில் காசு இல்லை, பொழுது மட்டும் நிறைய இருந்தது. உடைந்த கதிரையைத் திருத்த இதைவிடப் பொருத்தமான நிலைமை வேறில்லை.

எல்லோரும் எடுத்தார்கள். ஒருவரும் சொல்லமாட்டார்கள். "தெரிஞ்ச ஒரு ஜேர்மன் கிழவி தந்தது" என்பார்கள். எங்கள் சின்ன நகரத்தில் அப்படித் தாராள மனமுள்ள கிழவிகள் இருபது பேராவது இருந்திருக்கவேண்டும். கடன் கேட்க வெட்கப்படாதவர்கள் இதற்கு ஏன் வெட்கப்பட்டார்கள்? ஊரில் ஒரு வீட்டார் கழித்த பாயையும், செத்தவர் உடுத்த துணியையும் யார் பின்வளவால் வந்து வாங்கினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கழித்ததை வாங்குவது சில சாதிகளுக்கென்று நாங்கள் ஒதுக்கிவைத்த காரியம். அந்த நினைப்பும் எங்களோடு விமானம் ஏறி வந்திருந்தது.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் முகாமில் பக்கத்து அறையில் இருந்த ஓர் அண்ணை.

"முதலிலை புரட்டி அடியைப் பார் தம்பி" என்பார். மேலே ஓடும் மரநார் விளிம்பிலும் தொடர்ந்தால் அது முழு மரம். மேலே மெல்லிய மரத்தோல் மட்டும் ஒட்டியிருந்தால் பதமாகத் தேய்க்கவேண்டும்; அழுத்தினால் கீழ்ப்பலகை பல்லிளிக்கும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை தண்ணீர் குடித்து ஊதியிருந்தால் தொடவே வேண்டாம். அது திரும்பி வராது.

ஆடுகிற கதிரைக்கு ஆணி அடிக்க விடமாட்டார். ஆணி மரத்தைப் பிளக்கும். பொருத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை பூசி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டுவார். கயிற்றுக்குள் ஒரு தடியைச் செருகி முறுக்கினால் இறுகிவிடும். ஒரு நாள் அப்படியே விடவேண்டும். செலவு பசைக்கு மட்டும்.

பழைய பூச்சு என்னவென்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த துணியை வைப்பார். பிசுபிசுத்தால் அரக்கு. எங்கள் பக்கத்துக் காடுகளில் ஒரு பூச்சி மரக்கொப்பில் கட்டுகிற பிசின் அது. பாண்டவரை எரிக்கக் கட்டிய மாளிகையின் அதே அரக்கு, யாரோ ஒரு ஜேர்மன் வீட்டு மேசையில் பளபளத்துக் கிடந்தது. அதை வழித்தெடுத்து, நார் ஓடும் திசையிலேயே 80, 120, 180 என்று படிப்படியாக மெல்லிய கடதாசியால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசுவோம். எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியக்கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடவேண்டும்.

அவருடைய கை மரத்தைத் தடவுகிற விதத்திலேயே அது பரம்பரைக் கை என்று தெரிந்தது. "எங்கை அண்ணை பழகினனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சும்மா, பாத்துப் பழகினது" என்றார். பிறகு அன்று முழுக்க அவர் பேசவில்லை.

ஊரில் எங்கள் வீட்டுக்குக் கதவுநிலை செய்ய வந்த தச்சரை, எங்கள் தகப்பன் வயதானவரை, சிறுவர்கள் நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவருக்குச் சாப்பாடு விறாந்தையில். இங்கே மேசையை எடுத்தவர்கள் அது எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தோம். அதைத் திருத்தத் தெரிந்தவர் தன் தொழில் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தார். நாங்கள் மறைத்தது மானத்துக்காக. அவர் மறைத்தது எங்களுக்குப் பயந்து.

இன்று பிள்ளைகள் இதே வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். பழைய சாமான் சந்தையில் நல்ல காசு கொடுத்துக் கதிரை வாங்கித் தேய்க்கிறார்கள். நண்பர்களுக்குப் படம் எடுத்துக் காட்டுகிறார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான்.

அந்த மேசை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. எங்கே எடுத்தது என்று கேட்பவர்களுக்குத் தெருவில் எடுத்தது என்று சொல்கிறேன். யார் பழக்கியது என்று கேட்டால் அண்ணையின் பெயரைச் சொல்வதில்லை. அவருடைய மகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறார்கள்.