ஒரு டெஸ்ட் டியூபுக்காக ஒரு மன்னிப்பு

இன்னைக்குப் பழைய பாக்கி ஒண்ணைத் தீர்க்கணும்.

1989. பிளஸ் டூ லேப். ஒரு பையனோட அண்ணன் திருப்பூர்ல பனியன் பிரிண்டிங் பட்டறையில வேலை. ஸ்கிரீனுக்குப் பூசற ஜெலட்டின், பொட்டாசியம் டைகுரோமேட் கலவையை அவன் கொஞ்சம் கொண்டு வந்து, டெஸ்ட் டியூபில் உறைய விட்டான். அதுமேல என்னைக் கேக்காம சில்வர் நைட்ரேட்டையும் ஊத்திட்டான். நான் சொட்டுச் சொட்டா எண்ணிக் குடுக்கற மருந்து! நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்.

நாலஞ்சு நாள் கழிச்சு அலமாரியிலிருந்து எடுத்துட்டு வந்தான். "சார், வரி வரியா நிக்குதுங்க." பார்த்தேன். செம்பழுப்பில் கோடு, இடைவெளி, மறுபடி கோடு. "சுத்தமில்லாத டியூப்டா, கழுவி வை" என்றேன். கழுவி வெச்சான். அப்புறம் அவன் கேள்வியே கேக்கல.

சில வருஷம் கழிச்சு ஒரு பழைய புத்தகத்தில் அதே படம். லீசெகாங் வளையங்கள்! 1896ல் ஜெர்மனியில் ரஃபேல் லீசெகாங் பார்த்தது, அதே சில்வர் நைட்ரேட், அதே டைகுரோமேட். எனக்குக் கை நடுங்கிடுச்சு.

ஆஸ்ட்வால்ட் சொன்ன காரணம் இது. வெள்ளி அயனி ஜெல்லுக்குள்ள மெதுவா இறங்குது. சில்வர் டைகுரோமேட் உடனே படியாது. கரையற அளவுக்கு மேல நல்லாச் சேர்ந்த பிறகுதான் படியும். படியும்போது பக்கத்திலிருக்கற டைகுரோமேட்டையும் இழுத்துக்கும். அந்த இடம் காலி. வெள்ளி இன்னும் கீழே போனாத்தான் அடுத்த கோடு. அதனால போகப் போக இடைவெளி அகலமாகும். இதுவே முழுக் காரணமில்லைன்னு அலகாபாத்தில் நீல ரத்தன் தார் 1920கள்ல வேற விளக்கம் சொன்னார். 1938ல் நம்ம சி.வி. ராமனும் சுப்பராமையாவும் இதுல அலையோட சாயலைப் பார்த்தாங்க. இன்னைக்கும் ஆராய்ச்சி நடக்குது. ராமன் உட்கார்ந்து பார்த்ததை நான் கழுவச் சொன்னேன்.

தம்பி, பேர் எழுதல. படிச்சா உனக்கே தெரியும். டியூப் சுத்தமாத்தான் இருந்துது. நீ பார்த்ததும் சரிதான். தப்பு என்னுது. பல்லடம் பக்கம் வந்தா வீட்டுக்கு வா சாமி, காப்பி குடிச்சுட்டே பேசலாம்.

இப்ப வாத்தியாரா இருக்கற பிள்ளைகளுக்கு: பசங்க "வரி வரியா நிக்குது"ன்னா, கழுவறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. (டைகுரோமேட் விஷம்; வீட்டில் யாரும் செஞ்சு பார்க்க வேண்டாம்.)