இரண்டு எண்களுக்கு நடுவே

பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி என்ற கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, காலைப் பத்திரிகையில் அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில், இந்த வருஷம் பிசானம் கரையேறுமா என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிற நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒப்பீடு புதிய வித்தை அன்று. அந்த வித்தையை யந்திரத்துக்குக் கற்பிப்பவர்களின் தொழிலைக் காண விரும்பி, சீவலப்பேரிப் பக்கத்தில், தாமிரபரணி மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து கிராமங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன்.

பேனல் அறையில் இருவர் இருந்தனர்: மடிக்கணினியோடு வந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர், அவர் அண்ணாச்சி என்று அழைத்த, தலை நரைத்த பம்ப் ஆபரேட்டர் மற்றவர். பேனலில் இருந்தது பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவி; அவ்வகைக் கருவி 1969-இல் அமெரிக்காவில் மாடிகான் 084 என்ற நாமத்தோடு வெளிவந்தபோது, ரிலேக்கள் நிறைந்த அலமாரிகளுக்குப் பதிலாக நின்று, உண்டு, இல்லை என்ற இரண்டைக் கொண்டே பிரதானமாகக் காரியம் நடத்தியது. இரண்டு எண்களில் எது பெரிது என்று பார்க்கும் சாமர்த்தியம் பின்னால் விருத்தியானது.

வளாகத்திலேயே நிற்கும் 5 மீட்டர் உயரத் தொட்டியின் சென்சார், நீர்மட்டத்துக்கேற்ப 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் அனுப்ப, பேனலில் உள்ள சீமென்ஸ் பி.எல்.சி. அதனை 0 முதல் 27,648 வரையுள்ள எண்ணாக வாங்கி மீட்டராக மாற்றிக்கொள்கிறது. காலித் தொட்டிக்கும் 4 மில்லி ஆம்பியர் உண்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது, மின்னோட்டம் 3.6-க்கும் கீழே போனால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருளல்ல, ஒயர் அறுந்தது அல்லது சென்சார் பழுதானது என்று பொருள். ஆகவே மட்டத்தை எதனோடும் ஒப்பிடுவதற்கு முன்பே, வருகிற எண் நம்பத்தக்கதுதானா என்று பரீட்சிக்கும் வரியைப் பொறியாளர் முதலில் எழுதினார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"எதுல நிறுத்தணும், எதுல போடணும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"நாலரைல நிறுத்து. ரெண்டுக்கு இறங்குத வரைக்கும் போடாத தம்பி. பக்கத்துப் பக்கத்துல வச்சேன்னா, தண்ணி அலையடிக்கதுக்கெல்லாம் மோட்டாரு நின்னு நின்னு ஓடும். காயில் கருகிப் போவும்லா."

ஒன்றுக்கு இறங்கவிட்டால் என்ன என்று நான் இடைமறித்தேன். காலையில் எல்லாக் குழாயும் ஒருசேரத் திறக்கும்போது கடைக்கோடித் தெரு வறண்டுவிடும் என்றார் அண்ணாச்சி. ஹிஸ்டெரிசிஸ் என்று கல்லூரிகளில் போதிக்கப்படும் தத்துவத்துக்கு வேண்டிய இரண்டு எண்களும் இவ்வாறு அநுபவத்திலிருந்தே கிடைத்தன. 2-க்குக் குறைந்தால் ஓடு, 4.5-ஐ எட்டினாலோ கடந்தாலோ நில், இடையில் இருந்தால் முன்பிருந்த நிலையிலேயே இரு: புரோகிராமின் சாரம் இவ்வளவே. மோட்டார் தண்ணீர் எடுக்கும் சம்பில் மட்டம் குறைந்தால் அது வறட்டோட்டம் ஓடாமல் தடுக்க, இன்னோர் ஒப்பீடு அதன்மேல் காவலாக நின்றது.

'சமம்' என்ற ஒப்பீட்டை மட்டும் பொறியாளர் தொடவே இல்லை. தசம எண்ணாக வரும் மட்டம் 4.4997-இலிருந்து 4.5003-க்குத் தாவிவிட்டால், சரியாக 4.5 என்ற கணம் நேராமலே போக, தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றின் குறுக்கே நிற்கும் 8 அணைக்கட்டுகளும், முகட்டைத் தாண்டியது எவ்வளவாயினும் ஆற்றோடு போகட்டும் என்று விட்டுவிடுவதைப்போல, 'பெரிது அல்லது சமம்' என்பதே இங்கும் நியாயம்.

மாலையில் பொறியாளர் மடிக்கணினியை மூடிக்கொண்டு புறப்பட, அந்த எண்களும் அதனோடு புறப்பட்டன. இரவுக் காவலுக்கு வரும் ஆபரேட்டருக்குக் கண்ணில் படுவது பச்சை, சிவப்பு விளக்குகள் மாத்திரமே. இத்தகைய நிலையங்களுக்குப் புரோகிராம் எழுதும் அன்பர்கள், எந்த எண்ணில் ஓடும், எந்த எண்ணில் நிற்கும், அந்த எண்ணை ஏன் வைத்தோம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.