முகம் காட்டாத சாவு

2023 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை இரவு அமெரிக்காவில் ஒரு கிழவர் செத்துப்போனார். பெயர் லோகன் ராய். பெரும் ஊடக முதலாளி, நான்கு பிள்ளைகளின் தகப்பன், ஈவிரக்கமற்றவர், உலகில் இல்லாதவர். ஹெச்.பி.ஓ.வின் ‘சக்ஸெஷன்’ தொடரில் பிரையன் காக்ஸ் ஏற்ற பாத்திரம் அவர். மறுநாளே ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ நாளிதழ், உண்மையில் வாழ்ந்து மறைந்த பெருந்தனக்காரருக்கு எழுதுவது போலவே, அவருக்கு ஓர் இரங்கல் குறிப்பு வெளியிட்டது. அத்தியாயத்தை இன்னும் பார்த்திராத நேயர்கள் கொதித்துப் போனார்கள். சாவை எங்களுக்குச் சொல்ல நீங்கள் யார் என்பதே அவர்கள் கோபத்தின் சாரம்.

அந்தக் கோபம் எங்களுக்குப் புரிந்தது, பகிர்ந்துகொள்ளத்தான் முடியவில்லை. ஏனென்றால் நாங்களும் செய்தியை முன்னாலேயே அறிந்தவர்கள். இந்தியாவில் அத்தொடரைத் தந்துகொண்டிருந்த தளத்திற்கான ஒப்பந்தம் 2023 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. நான்காம் பருவத்தின் முதல் அத்தியாயத்தோடு கதவு சாத்தப்பட்டது. மே மாதத்தில் வேறொரு தளத்தில் அது திரும்பவும் கிடைக்கும்வரை, லோகன் ராய் இறந்தார், எப்படி இறந்தார், அதற்கு யார் யார் அழுதார்கள் என்பதெல்லாம் தலைப்புச் செய்திகளாகவே எங்களை வந்தடைந்தன. சாவுச் செய்தி முதலில், சாவு பிறகு.

நாங்கள் என்பது உடன்பிறந்தார் மூவர். ஆளுக்கோர் ஊரில் இருக்கிறோம். ஒருவர் வங்கியில், ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார், தங்கை பெங்களூரில். 2018 முதலே தனித்தனியாகப் பார்த்துத் தொலைபேசியில் சண்டையிட்டுக்கொண்ட இந்தத் தொடரின் கடைசிப் பருவத்தைக் கோடை விடுமுறையில் செய்யாறு பக்கத்திலுள்ள சொந்த ஊரில் கூடிப் பார்ப்பது என்று ஏற்பாடு. அப்பாவின் சொத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் கதையை அப்பா கட்டிய வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதில் இருந்த வேடிக்கை எங்களுக்கும் தெரிந்தே இருந்தது. (பங்கு பிரித்துக்கொள்ள எங்களிடம் இருப்பது அந்த ஓட்டு வீடும், பின்னால் தண்ணீர் வற்றிய ஒரு கிணறும்.)

‘கானர்ஸ் வெட்டிங்’ என்னும் அந்த மூன்றாம் அத்தியாயத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. மூத்த மகன் கானரின் திருமணம் நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கப்பலில் நடக்கவிருக்கிறது. தகப்பனோ வியாபாரப் பேச்சுக்காக ஸ்வீடனுக்கு விமானம் ஏறிவிட்டார். நடுவானில் அவர் விழுந்துவிட்டதாக மருமகன் டாம் தொலைபேசியில் சொல்கிறான். விமானப் பணியாளர்கள் மார்பை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். காதருகே தொலைபேசியைப் பிடிக்கிறேன், பேசுங்கள் என்கிறான். ரோமன், கெண்டல், ஷிவ் மூவரும் மாறிமாறிப் பேசுகிறார்கள். அன்பு, வசை, மன்னிப்பு, மறுப்பு எல்லாம் ஒரே மூச்சில் கலந்து வருகின்றன. ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங் எழுதி மார்க் மைலாட் இயக்கியது. அந்தக் கப்பற்காட்சியைத் துண்டுதுண்டாக எடுத்ததோடு நில்லாமல், ஏறத்தாழ அரைமணி நேரம் தொடர்ச்சியாகவும் ஒருமுறை நடிக்கவைத்துப் பல காமிராக்களால் பிடித்தார்கள் என்று இயக்குநர் பின்னர் விளக்கினார். நடிகர்களின் களைப்பு நடிப்பாகத் தெரியாததற்கு அது ஒரு காரணம்.

நேயர்களின் எதிர்வினைகளை அப்போது நாங்கள் ஏராளமாகப் படித்தோம். அவற்றைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பார்த்த நினைவு. பத்து அத்தியாயங்களில் மூன்றாவதிலேயே கொன்றுவிட்டார்களே, இது முறையா என்று கேட்டவர்கள் ஒரு சாரார். பிரையன் காக்ஸே பிற்பாடு ஒரு பேட்டியில் தம் பாத்திரம் சற்று முன்னதாகவே போய்விட்டது என்றார். ஆகவே அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. இன்னொரு சாரார் கணக்கர்கள். டாம் அழைத்தபோது உயிர் இருந்ததா, முன்பே பிரிந்துவிட்டதா, பிள்ளைகள் பேசியது யாரிடம் என்று காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி நிமிடக்கணக்குப் பார்த்தவர்கள். தொடர் அதற்கு விடை சொல்வதில்லை. எங்களை மிகவும் நிறுத்திவைத்தவர்கள் மூன்றாமவர். லோகன் சாகவே இல்லை, இது அவர் பிள்ளைகளைச் சோதிக்க ஆடும் நாடகம், அடுத்த வாரம் எழுந்து வருவார் என்று எழுதியவர்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்று ஒன்றே: முகத்தைக் காட்டவில்லையே!

இவர்களைப் பலரும் கேலி செய்தார்கள். தொடர் பார்த்துப் பார்த்து எல்லாவற்றிலும் திருப்பம் தேடப் பழகிவிட்டார்கள் என்று விமரிசனங்கள் வந்தன. ஓரளவு உண்மைதான். 2007 ஜூன் 10 அன்று ‘தி சோப்ரனோஸ்’ தொடரின் கடைசிக் காட்சியில், உணவகத்தில் டோனி நிமிர்ந்து பார்க்கும் கணத்தில் திரை சட்டென்று கருத்து, ஒலியும் நின்று, பத்து விநாடிபோல் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. கேபிள் இணைப்பு அறுந்துவிட்டதாக நினைத்துத் தொலைக்காட்சிப் பெட்டியோடு போராடியவர்கள் உண்டு. டோனி செத்தானா இல்லையா என்ற கேள்வி அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் ஓயவில்லை. 2019இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முடிந்த விதம் பிடிக்காமல் கடைசிப் பருவத்தையே மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். கதை சொல்பவனிடம் வழக்காடுவது இந்த நேயர்களுக்குப் பழக்கமாகிவிட்ட ஒன்று.

ஆனால் முகம் காட்டாததால் நம்ப மறுத்தவர்களை எங்களால் கேலி செய்ய இயலவில்லை.

எங்கள் அப்பா 2021 மே மூன்றாம் வாரத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஒரு மருத்துவமனையில் இறந்தார். ஊரடங்கு. தங்கையால் எல்லை கடந்து வர இயலவில்லை. ஒருநாள் மாலை ஒரு செவிலிப் பெண் அழைத்தார். மூச்சு இறங்கிக்கொண்டிருக்கிறது, காதுகிட்ட வைக்கிறேன், பேசுங்கள் என்றார். மூவரும் ஒரே அழைப்பில் இணைந்தோம். மூன்று நிமிடம். பிறகு உறையிட்டு மூடிய ஒன்றை, இருபதடி தொலைவில், கவச உடை அணிந்தவர்கள் தூக்கிச் சென்றார்கள். எங்களில் இருவர் மட்டும் நின்று பார்த்தோம். முகத்தை எவரும் பார்க்கவில்லை. அதற்குப்பின் பல மாதங்கள், பேருந்து நிலையத்திலோ ரேஷன் கடை வரிசையிலோ வெள்ளைச் சட்டைக் கிழவர் எவரையாவது முதுகுப்புறமாகக் கண்டால், எங்களில் ஒருவர் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். படித்தவர்தான். திருப்பம் தேடிப் பழகியவர் அல்லர்.

எங்கள் பக்கத்து ஊர்களில் வசதியுள்ள வீடுகளில் கருமாதிக்குத் தெருக்கூத்து வைப்பதுண்டு. ‘கர்ண மோட்சம்’ ஆடுவார்கள். கர்ணன் சாவான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தைக்கும் தெரியும். கர்ணன் போருக்குப் புறப்படும்போதே கிழவிகள் மூக்கைச் சிந்தத் தொடங்கிவிடுவார்கள். கதை முன்பே தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்ற அமெரிக்க நேயரின் கவலையை அவர்களிடம் விளக்கிச் சொன்னால் என்ன சொல்வார்களோ! அப்பாவுக்குக் கூத்துப் பைத்தியம். அவர் போன மே மாதத்தில் கூத்தும் இல்லை, கூட்டமும் இல்லை; ஐந்து பேர் உட்கார்ந்து காரியத்தை முடித்தோம்.

ஆகவே அந்த மூன்றாம் அத்தியாயத்தை நாங்கள் பார்த்த விதம் கூத்துப் பார்ப்பவர் விதமாகவே இருந்தது. என்ன வரப்போகிறது என்பது தெரியும். ரோமனின் தொலைபேசி ஒலித்ததுமே தங்கை காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரோமன் சற்றுமுன்தான் தகப்பனுக்குக் கோபமாக ஒரு குரற்செய்தி விட்டிருக்கிறான். அதைக் கேட்டபின் விழுந்தாரா, கேட்கவே இல்லையா என்பது அவனுக்கு இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. தொல்காப்பியர் அழுகை பிறக்கும் களங்களில் இளிவையும் இழவையும் தனித்தனியே எண்ணுகிறார். வகுப்பில் இரண்டையும் பிரித்துக் காட்டத் தனித்தனி எடுத்துக்காட்டுத் தேடுவது வழக்கம். கீரன் கல்கினின் முகத்தில் அவ்விரண்டையும் எங்களால் பிரிக்க முடியவில்லை.

பாதியில் அம்மா எழுந்து கூடத்துக்கு வந்தார்.

“யாருடா செத்தது?”

“ஒரு பணக்காரன்மா.”

“பசங்க பக்கத்துல இல்லையா?”

“இல்லம்மா. போன்ல பேசறாங்க.”

சிறிது நேரம் நின்று பார்த்தார். மொழி தெரியாது. சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு அடுத்த அத்தியாயத்துக்குப் போகவில்லை. இரண்டு ஆண்டுகளாக எங்களுக்குள் பேசாத ஒன்றைத் தங்கைதான் தொடங்கினாள். ஒரே அழைப்பில் மூவரும் பேசினோம் என்றாலும் யார் என்ன பேசினோம் என்பது ஒருவருக்கும் சரியாக நினைவில் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியிருக்கிறோம். “கேட்குதாப்பா, கேட்குதாப்பா” என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதாகத் தமக்கு ஞாபகம் இல்லை என்றார் மூத்தவர். தங்கை, மோட்டார் ரிப்பேர் ஆகிவிட்டது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்று சொன்னாளாம். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை என்றாள். லோகனின் பிள்ளைகள் பேசியதும் அப்படித்தான் இருந்தது. சாகும் தகப்பனிடம் பேச வேண்டிய வசனங்களை அவர்களுக்கு எழுதித்தராமல் விட்டதுதான் ஆம்ஸ்ட்ராங்கின் பெரிய காரியம் என்று எங்களுக்குப் பட்டது.

பிறகு அந்தக் கணக்கர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. உயிர் இருந்ததா, இல்லையா. எங்களில் ஒருவர் அதுவரை மறைத்துவைத்திருந்ததை அப்போது சொன்னார். மருத்துவமனை கொடுத்த சீட்டில் அப்பா இறந்த நேரம் மாலை 4.10. கைப்பேசியில் அந்த அழைப்பு பதிவாகியிருக்கும் நேரம் 4.22. சீட்டை வாங்கிய அன்றே பார்த்துவிட்டு, மடித்து, எவரிடமும் சொல்லாமல் கோப்பின் அடியில் வைத்திருக்கிறார். சீட்டு எழுதியவர் நேரத்தைத் தவறாகக் குறித்திருக்கலாம். அந்த வார்டில் அன்றைக்கு இருந்த நெருக்கடியில் எதுவும் நடந்திருக்கலாம். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

“எனக்குத் தெரியும்ணா,” என்றாள் தங்கை. “அம்மா பென்ஷனுக்கு நான்தானே நகல் எடுத்தேன்.”

மே 21 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான ஒன்பதாம் அத்தியாயத்தையும் அந்த விடுமுறையிலேயே பார்த்தோம். இரங்கலுரை படிக்க எழுந்த ரோமன் பேச முடியாமல் உடைந்து, பெட்டியைக் காட்டி, அவர் அதற்குள்தான் இருக்கிறாரா, வெளியே எடுக்க முடியுமா என்று கேட்கிறான். கல்கினின் நடிப்புக்குப் பாராட்டுகள் குவிந்தன. 2024 ஜனவரியில் எம்மி விருதும் கிடைத்தது. அவ்வளவு பணம் படைத்தவன் அப்படிக் கேட்பானா, மிகை என்று எழுதியவர்களும் உண்டு. எங்களுக்கு அந்தக் கேள்வி மிகையாகத் தோன்றவில்லை. எங்களில் மூத்தவர் அந்த இடத்தில் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். வரும்வரை நிறுத்திவைத்திருந்தோம். கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்; ஓட்டச் சொன்னார்.

கடைசி அத்தியாயத்தில் ஷிவ் செய்தது துரோகமா என்பது பற்றி உலகமெங்கும் நடந்த வாக்குவாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. வாக்கு 7க்கு 6, கம்பெனி கைமாறியது, டாம் தலைவனானான். டாம் தொடக்கத்திலிருந்தே காய் நகர்த்தியவன், விமானத்திலிருந்து அழைத்ததும் கணக்குப் போட்டுத்தான் என்று ஒரு கட்சி கிளம்பியிருந்தது. எங்கள் வீட்டிலும் அந்தக் கட்சிக்கு இரண்டு உறுப்பினர்கள். தங்கை சேரவில்லை. இருக்கலாம்ணா, ஆனால் அவன்தானே பிடித்துக்கொண்டு நின்றான் என்றாள்.

அந்தச் செவிலிப் பெண்ணின் பெயர் எங்களுக்குத் தெரியாது. பிறகு விசாரித்தபோது, தற்காலிகப் பணிக்கு வந்தவர்கள் பலர், யாரென்று சொல்வதற்கில்லை என்றார்கள். 4.22க்கு அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதும் தெரியாது.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின இரவு, மூன்றாம் அத்தியாயத்தை இன்னொரு முறை போடச் சொன்னாள் தங்கை. முழுவதும் வேண்டாம், காதருகே பிடிக்கிறேன் என்று டாம் சொல்லும் இடம் மட்டும் போதும் என்றாள். படத்தைப் பார்க்கவில்லை, விளக்கை அணைத்துவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அந்தக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.