கடற்காற்றுக்கு ஒரு கூடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் தாண்டித் தொண்டியை நோக்கிப் போனால் வழியில் மீமிசல் வருகிறது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வெளிநாட்டுக்குச் சபுர் போனவர்களின் சம்பாத்தியத்தில் பல வீடுகள் எழுந்த கடற்கரை இது. பாதி வாழ்நாளை வெளிநாட்டு அறைகளில் கழித்தவர், தம் குடும்பத்துக்கென்று கட்டும் வீட்டில் ஹாலுக்குத்தான் தாராளமாகச் செலவழிப்பார். கனத்த சோபா செட், தொங்கும் விளக்கு, தரையைத் தொடும் திரைச்சீலை, பளபளக்கும் டைல்ஸ். ஆனால் இப்படி இழைத்த பல ஹால்களில் விருந்தாளி வந்தால்தான் ஆட்கள் உட்காருகிறார்கள். மற்ற நேரத்தில் பாட்டி பின்கட்டு நிலைப்படியில் இருக்கிறார், பிள்ளைகள் மாடிப்படியில் இருக்கிறார்கள். காற்று அங்கேதான் வருகிறது.

இது ரசனைக் குறைவால் வருவதல்ல. அழகான வரவேற்பறை என்று பத்திரிகைகளும் கைபேசியும் காட்டும் படங்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளிலிருந்து வருபவை. டென்மார்க்கில் டிசம்பர் மாதத்துச் சூரியன் பிற்பகல் நான்கு மணிக்குள் மறைந்துவிடும். அங்கே தடித்த கம்பளமும் வெல்வெட் மெத்தையும் மெழுகுவத்திச் சுடரும் மனத்துக்கு இதம் தருகின்றன. சித்திரை மாதம் இரண்டு மணி வெயிலில் மீமிசலுக்குள் நுழைகிறவருக்கு வேண்டிய இதம் வேறு. காலுக்குக் குளிர்ந்த தரை, கண்ணுக்கு அடங்கிய வெளிச்சம், முதுகில் படும் காற்று. இந்த மூன்றும் அமைந்த பிறகு வைக்கும் பொருள்தான் அந்த அறையில் அழகாக உட்காரும்.

காற்றை இந்த ஊர் இலவசமாகவே தருகிறது. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. மீமிசலுக்குக் கடல் கிழக்கே. ஆகவே கிழக்குச் சன்னலை அலமாரியோ டிவி யூனிட்டோ மறைத்துவிட்டால் அறையின் சிறந்த அலங்காரமே போய்விடும். ஒரு சன்னல் மட்டும் போதாது. எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழி இருந்தால்தான் உள்ளே வரும் காற்று ஓடும். கனத்த திரைச்சீலைக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணியோ, நனைத்து விடக்கூடிய வெட்டிவேர்த் தட்டியோ தொங்கினால் காலை வெயிலும் தணியும், மணமும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் அந்தத் திசையிலிருந்தே சாய்ந்து அடிக்கும் என்பதால் சன்னலுக்கு மேலே அகலமான சஜ்ஜா அவசியம்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தவர்கள் வெகுதூரத்தில் இல்லை. செட்டிநாட்டு ஊர்கள் எழுபதுக்கும் மேல். அவற்றில் பல சிவகங்கை மாவட்டத்திலும், கடியாபட்டி, ராயவரம், அரிமளம் போன்றவை மீமிசல் உள்ள இதே புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர்வரை இந்த ஊர்களில் மாளிகைகளாகக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்ததைப் பலரும் சொல்வார்கள். அவற்றை எங்கே வைத்தார்கள் என்பதுதான் இன்றைக்கு நமக்கு உதவும் செய்தி.

விலையுயர்ந்தவை பெரும்பாலும் முகப்பில் இருந்தன. வந்தவர் உட்காரவும், வணிகம் பேசவும், குடும்பத்தின் செல்வம் தெரியவும் ஏற்பட்ட இடம் அது. அதைக் கடந்தால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய தாழ்வாரம், மணமான மகன்களுக்கு ஆளுக்கோர் அறை. குடும்பம் வாழ்ந்தது இந்த வளவில்தான். அங்கே பாய் விரிந்தது, வற்றல் காய்ந்தது, குழந்தை தூங்கியது. காட்சிக்கு ஓரிடம், வாழ்க்கைக்கு ஓரிடம் என்று அவர்களால் பிரிக்க முடிந்தது. இன்றைய பன்னிரண்டுக்குப் பதினாறு அடி ஹால் இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் செய்தாக வேண்டும். அப்போது முகப்பை மட்டும் நகலெடுத்து வளவை மறந்துவிடுகிறோம். தூண் வருகிறது, கண்ணாடி வருகிறது. முற்றம் தந்த வெளிச்சமும் தாழ்வாரம் தந்த நிழலும் வருவதில்லை.

வளவிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது தரை. காரைக்குடிக்கு அருகேயுள்ள ஆத்தங்குடியில் இன்றும் டைல்ஸ் கையால் வார்க்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமென்ட்டை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமென்ட்டும் கொட்டி அழுத்தி, காயவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளையும் இல்லை, பாலிஷ் எந்திரமும் இல்லை. அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. நடக்க நடக்க மெருகு கூடும். அவ்வப்போது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மட்டும் மேற்பூச்சு அரித்துப்போகும். அறை முழுக்கப் பூப்போட்டால் கண் அலையும். உட்காரும் இடத்தின் நடுவே மட்டும் கரை கட்டிப் பூ டைல்ஸ் பதித்து, சுற்றிலும் சிவப்பு ஆக்சைடு தரை விட்டால், மடிக்கவும் உதறவும் தேவையில்லாத கம்பளம் அங்கே நிரந்தரமாக விரிந்திருக்கும்.

அடுத்தது இருக்கை. ரெக்சின் சோபா இந்தப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிரம்பு பின்னிய மரச்சோபா, துணி கட்டிய சாய்வு நாற்காலி, சுவரோரம் கட்டிய திண்ணை, முடிந்தால் ஓர் ஊஞ்சல் என்றால் காற்று உடம்பைச் சுற்றி வரும். மெத்தை உறைக்குக் காரைக்குடியின் கண்டாங்கிப் பருத்தி இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற துணி அது. கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் கறுப்பும் கலந்த பெரிய கட்டங்கள், வெள்ளைச் சுவருக்கு முன்னால் தனியாகத் தெரியும். கல்யாணம், காதுகுத்து என்று முப்பது பேர் வரும்போது சோபா போதாது. அதற்காக நான்கு சோபா வாங்கி அறையை அடைக்க வேண்டாம். பத்தமடைக் கோரைப்பாய் இரண்டு சுருட்டிச் சாத்தியிருந்தால் போதும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே ஒன்றரை அடி, ஆள் நடக்கும் வழியில் மூன்று அடி விட்டுவிட்டால் சின்ன ஹாலும் பெரிதாகத் தோன்றும்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் நம் வீடுகளில் குறைவாக யோசிக்கிறோம். பெரும்பாலான ஹால்களில் மாட்டியிருப்பது 6500 கெல்வின் வெண்ணிற விளக்கு. படிக்கும் மேசைக்கு அது சரி. இரவு எட்டு மணிக்குக் குடும்பமாக உட்கார்ந்து பேச அது அதிகம். 2700 அல்லது 3000 கெல்வின் என்று பெட்டியில் அச்சிட்ட மஞ்சள் விளக்குகள் கடையில் அதே விலைக்குக் கிடைக்கின்றன. உச்சியில் ஒன்றை எரிப்பதைவிட, மூலையில் ஒன்று, நாற்காலிக்கு அருகில் ஒன்று, படத்துக்கு மேல் ஒன்று என்று தாழ்வாகப் பிரித்து வைத்தால், அதிகம் செலவழிக்காமலே அறையின் குணம் மாறிவிடும்.

கடலோர வீட்டுக்கு இன்னொரு விருந்தாளி உண்டு: உப்பு. சாதாரண இரும்புக் கைப்பிடியும் ஆணியும் சில மழைக்காலத்துக்குள் துருவேறும். பார்ட்டிகிள் போர்டு ஈரம் குடித்து உப்பிப் பிதுங்கும். பித்தளை அல்லது 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகளும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகையும் முதலில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் நிலைத்து நிற்பவை. சுவருக்கும் இதே நியாயம் பொருந்தும். செட்டிநாட்டுச் சுவர்களில் சுண்ணாம்பைப் பல அடுக்காகப் பூசி, மேல் அடுக்கில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று தேய்த்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

அலங்காரப் பொருள்கள் கடைசியில் வரட்டும், குறைவாக வரட்டும். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1958-ல் தொடங்கிக் கொழும்பில் அடுத்தடுத்திருந்த நான்கு சிறிய வீடுகளை ஒன்றாக்கித் தம் இல்லத்தை அமைத்தார். அங்கே செட்டிநாட்டு மரத்தூண்கள் வெள்ளைச் சுவருக்கும் வானம் திறந்த சிறு முற்றத்துக்கும் நடுவே நிற்கின்றன. சுற்றிலும் வெறுமை இருப்பதால் ஒவ்வொரு செதுக்கலும் கண்ணில் படுகிறது. நம் ஷோகேஸில் நாற்பது பொம்மைகளோடு நெருக்கிக்கொண்டு நிற்கும் பாட்டியின் பித்தளைச் செம்பை வெளியே எடுத்து, தனியாக ஒரு சன்னல் விளிம்பில் வைத்தால், அது எவ்வளவு அழகான செம்பு என்று வீட்டுக்காரர்களே அப்போதுதான் பார்ப்பார்கள்.

பழைய தூணும் கதவும் வேண்டுமென்போர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறார்கள். பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ள தெரு அது. அங்கே விலைக்கு நிற்கும் தூண்களில் பல, எங்கோ இடிபட்ட ஒரு வீட்டின் தாழ்வாரத்தைத் தாங்கியவை. வாங்குவது தவறில்லை, பாதுகாப்பதும் ஒரு வகைதான். ஆனால் அதே செலவில் ஒரு பங்கையாவது இன்று உழைக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். ஆத்தங்குடிப் பட்டறையில் அச்சு பிடிப்பவர் இருக்கிறார், கண்டாங்கி நெய்பவர் இருக்கிறார். பனையோலைக் கொட்டான் பின்னும் பெண்கள் இருக்கிறார்கள். விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை அந்தக் கலையை மீட்டு அவர்களுக்குத் தொழிலாக்கித் தந்தது. மீமிசலில் அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிறவர், சோபா கடைக்குப் போகுமுன் கொத்தனாரோடு ஒரு பிற்பகல் மனையில் நின்று காற்று எந்தப் பக்கம் வருகிறதென்று பார்க்கட்டும். சன்னலின் இடம் முடிவானபின் ஆத்தங்குடிக்கு ஒரு முறை போய்வரட்டும்.